வேதாரண்யத்திலிருந்து வந்த எல்.ஓ.டி.

கரண்ட் ஆபீஸில் வேலை பார்க்கிறவள் வீட்டுக்கு வந்தும் கரண்டோடு மல்லுக்கட்டினால் பெற்றவளுக்குக் கோபம் வராதா? "நாள் பூரா அங்க பில்லு போடுற. ஞாயித்துக்கிழமையாவது மனுஷியா இரேன்டி" என்பாள் அம்மா. நான் காதில் போட்டுக்கொள்ள மாட்டேன். எனக்கு அப்போது நாற்பது தாண்டியிருந்தது. கல்யாணமே வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நின்று ஜெயித்தவள் இதற்கா மசிவேன்?

என் பைத்தியம் இதுதான். பழைய பிக்சர் டியூப் டிவிக்குள், தடித்த சிவப்பு ஒயரோடு கறுப்பாக ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் உட்கார்ந்திருக்கும். மெக்கானிக்குகள் அதை எல்.ஓ.டி. என்பார்கள். அதைக் கழற்றி, அதன் காந்தக் கோரில் புதிதாகக் கொஞ்சம் கம்பி சுற்றி, இரண்டு மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டரும் ஒரு சோக்கும் சில கெப்பாசிட்டர்களும் வைத்து அதை ஓட்ட ஒரு டிரைவர் சர்க்யூட் கட்டுவேன். பழைய யூ.பி.எஸ். பேட்டரியில் ஓட்டினால் உள்ளே பன்னிரண்டு வோல்ட் போகும், வெளியே ஆயிரக்கணக்கில் வரும். இரண்டு கம்பி முனைகளுக்கு நடுவே ஊதா நிறத்தில் நெருப்பு கிளம்பி, உஸ்ஸென்று இரைந்தபடி வளைந்து மேலே ஏறும். என்ன பிரயோஜனம் என்று கேட்டால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஒழுங்காகக் கட்டியிருந்தால் எரியும். இல்லாவிட்டால் மாஸ்ஃபெட் பட்டென்று வெடித்து மானத்தை வாங்கும். அந்தக் கறார் எனக்குப் பிடித்திருந்தது.

குடவாசலில் எங்கள் வீட்டுப் பின்னால் மாடுகளை விற்ற பிறகு காலியாகக் கிடந்த கொட்டகைதான் என் பட்டறை. ஒரு ஞாயிறு மத்தியானம் மாஸ்ஃபெட் வெடித்த சத்தத்துக்கு அப்பா அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். அப்பா ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். என் கல்யாணச் சண்டைக்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு என்பது "சாப்ட்டியா", "ம்" என்ற அளவில் வருஷக்கணக்காக நின்றிருந்தது. என்னத்தைக் கொளுத்தினாய் என்று கேட்பார் என்று நினைத்தேன். புகையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தவர், "வேற ஒண்ணு போட்டுக் காட்டு" என்றார்.

போட்டுக் காட்டினேன். "அடேயப்பா!" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு நான் எத்தனை வருஷமாகக் காத்திருந்தேன் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

அதற்குப் பிறகு ஞாயிறு சாப்பாடு முடிந்ததும் அப்பா பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து கதவோரம் போட்டுவிடுவார். வெளிச்சம் வராமல் ஜன்னலில் சாக்கை மாட்டுவது அவர் வேலை. ஷாக் நெஞ்சு வழியாகப் பாயாமலிருக்க நான் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு மறு கையால் ஸ்விட்சைத் தொடும்போது, பின்னாலிருந்து "ரைட், போலாம்!" என்று குரல் வரும். நெருப்பு அணைந்த பிறகு பேசுவோம். பஸ்ஸில் பிரசவமான கதை, டிரைவரோடு சண்டை போட்டு நடுவழியில் இறங்கிப்போன கதை. என் ஆபீஸ் வம்பையும் கேட்பார். "உன் வாய்க்கு நீ கண்டக்டரா வந்திருக்கணும்" என்று சிரிப்பார்.

செத்த டிவி கிடைப்பது கஷ்டமானபோது அப்பாவே களத்தில் இறங்கினார். எங்கள் பக்கம் கண்டக்டர் கையில் கொடுத்தால் எந்தச் சாமானும் ஊர் போய்ச் சேரும். மருந்து, பூக்கூடை, கல்யாணப் பத்திரிகை எல்லாம் அப்படித்தான். தன் பழைய கூட்டாளிகளுக்கெல்லாம் போன் போட்டு, "எம்பொண்ணுக்கு வேணும், பரண்ல கெடக்குற டிவி எதுவா இருந்தாலும் ஏத்தி வுடுங்கப்பா" என்று சொல்லிவைத்தார். அப்படித்தான் வேதாரண்யத்திலிருந்து ஒரு டிவி பஸ்ஸின் பின் சீட்டில் வந்து இறங்கியது. உப்புக் காற்றில் உள்ளே எல்லாம் துருப்பிடித்துப் போயிருந்தது. எல்.ஓ.டி. மட்டும் பொன்னாட்டம் இருந்தது. அதுவரை நான் பார்த்ததிலேயே பெரியது. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "இது நான் கொண்டாந்தது. இதுக்குத் தனியா, பெருசா ஒண்ணு கட்டு" என்றார்.

நான் கட்டிக்கொண்டிருக்கும்போதே அப்பா டீக்கடையில் மயங்கி விழுந்தார். இதயத் துடிப்பு குறைந்துபோயிருந்தது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தார்கள்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டர் உட்காரவைத்துச் சொன்னார். செல்போனை இடது சட்டைப்பையில் வைக்கக் கூடாது, வெல்டிங் பக்கத்தில் நிற்கக் கூடாது, டிரான்ஸ்ஃபார்மர் கிட்டே போகக் கூடாது. எனக்குக் கொட்டகைதான் ஞாபகம் வந்தது. "வேற எதாவது கேக்கணுமாங்க?" என்றார். அப்பா என்னைப் பார்த்தார். ஆபீஸ் கவுண்டரில் யாரையும் ஒரு கை பார்க்கிறவள், அங்கே வாயைத் திறக்கவில்லை. என்னவென்று கேட்பது? இந்த வயதில் நான் மாட்டுக் கொட்டகையில் நெருப்பு விட்டு விளையாடுகிறேன், அப்பா பார்க்கலாமா என்றா? வெட்கம் பிடுங்கித் தின்றது. "ஒண்ணும் இல்லைங்க டாக்டர்" என்று எழுந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கொட்டகையைப் பூட்டிச் சாவியை என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். ஒரு மாதம் போனது. பிறகு அப்பா ஆரம்பித்தார்.

"அந்த வேதாரண்யத்துது என்னாச்சும்மா?"

"அதெல்லாம் இனிமே கிடையாதுப்பா."

"நான் கிட்ட வரலை. கதவோரம்தான் உக்காரப் போறேன். வேணும்னா கொல்லையில நிக்கிறேன்."

"வேணாம்னா வேணாம். உசுரோட இருக்கணும்னு ஆசை இல்லையா உங்களுக்கு?"

கத்திவிட்டேன். பயத்தில் கத்தினேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். தெரிந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. பாதியில் நின்ற சர்க்யூட் என் மனசை அரித்துக்கொண்டே இருந்தது. அப்பா ஒரு கல்யாணத்துக்குப் போன நாளில் கொட்டகையைத் திறந்து வேலையை முடித்தேன். ஸ்விட்சைப் போட்டேன். அப்படி ஒரு நெருப்பை நான் அதுவரை பார்த்ததில்லை. போனில் வீடியோ எடுத்துச் சாயங்காலம் அவரிடம் காட்டினேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன், மக்கு. கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுசாகப் பார்த்தார். "நான் இல்லாதப்ப போட்டியா?" என்றார். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்து, "நல்லாருக்கு" என்றார். அப்புறம் என்னிடம் கேட்கவே இல்லை. பழையபடி "சாப்ட்டியா", "ம்" என்று ஆகிப்போனது வீடு.

போன வருஷம், சம்பா நடவு நடந்துகொண்டிருந்தபோது, அப்பாவுக்கு நுரையீரலில் சளி கட்டி அதே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நாலாம் நாள் காலையில் போய்விட்டார். தகனம் செய்வதாக இருந்தால் பேஸ்மேக்கரை எடுத்துவிட வேண்டும், தீயில் வெடிக்கும் என்றார்கள். அதை எடுக்கும் வரை நானும் அம்மாவும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். அதே டாக்டர் வந்து எங்கள் பக்கத்தில் நின்றார். இனி வெட்கப்பட என்ன இருக்கிறது? கேட்டேன். கொட்டகை, பேட்டரி, நெருப்பு எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. "அப்பா எவ்வளவு தூரத்துல உக்காருவாரு?" என்றார்.

"கதவோரம். பத்துப் பன்னெண்டு அடி இருக்கும்."

"கிட்டத்துலதாங்க ஆபத்து. அவ்வளவு தள்ளி உக்காந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. பயமா இருந்துச்சுன்னா இன்னும் நாலடி தள்ளி உக்காரச் சொல்லியிருப்பேன். கேட்டிருக்கலாமேம்மா."

டாக்டர் போன பிறகு அம்மா முந்தானையை முறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"செக்கப்புக்கு வர்றப்பல்லாம் உங்கப்பா இதைக் கேக்கணும்னுதான்டி கெளம்புவாரு. பஸ்ஸுல வர்றப்பவே எங்கிட்ட சொல்லிக்கிட்டு வருவாரு. நாந்தான், இதையெல்லாமா டாக்டர்கிட்ட கேப்பாங்க, நம்ம பொண்ணைப் பத்தி என்ன நெனைப்பாருன்னு அவரு வாயை அடைச்சேன்."