நூற்றுக்கு நூற்றுப் பதினெட்டு

என் தம்பி எதையெதை வென்றான் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இடது கையால் எழுதியதற்கு வாங்கிய அடிகளை வென்றான். கணக்கில் இரண்டு முறை தோற்றவன், பிறகு கல்லூரியில் அந்தக் கணக்கையே எடுத்துப் படித்தான். இவனுக்கு எவள் கழுத்தை நீட்டுவாள் என்று உறவெல்லாம் கேட்டது. நல்லவளாகவே ஒருத்தி நீட்டினாள். கடைசியாக, நூற்றுக்கு மேல் சதவீதமே கிடையாது என்று நம்பிய ஒரு மேலதிகாரியை வென்றான். இதில்தான் என் கைவேலையும் மாட்டிக்கொண்டது என்பதால் இதை விவரமாக எழுதுகிறேன்.

வீட்டில் அவனுக்குப் பெயர் தசமம். சின்ன வயதில் ஆரஞ்சுச் சுளைகளை எங்களுக்குள் பங்கு வைக்கும்போது, மிஞ்சிய ஒற்றைச் சுளையையும் கத்தியால் சமமாக வெட்டப் பார்த்து, சாறு முழுவதையும் தரைக்குக் கொடுத்தவன்.

படித்து முடித்ததும் அரசாங்கப் புள்ளிவிவர அலுவலகத்தில் வேலை கிடைத்தது. வெளியிலிருந்து நாட்டுக்குள் வரும் சரக்கு, நாட்டின் பொருளாதாரத்தோடு ஒப்பிட்டால் எத்தனை சதவீதம் என்று ஆண்டுதோறும் ஓர் அட்டவணை போடுவது அவன் பிரிவின் வேலை. அட்டவணை போட்டவரே அடியில் கையெழுத்திட வேண்டும் என்பது அங்கே வழக்கம். வேலை நிரந்தரமாகாதவருக்கு மட்டும் அந்த உரிமை இல்லை, மேலதிகாரி போடுவார். தசமத்துக்கு அது தகுதிகாண் காலத்தின் கடைசி மாதம். அட்டவணை தேறினால் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் வீடு. கல்யாணமான புதிது வேறு.

அவனுக்கு வந்த விடை நூற்றுப் பதினெட்டு சதவீதம். மேலதிகாரியோ மீன்வளத் துறையிலிருந்து அப்போதுதான் மாற்றலாகி வந்தவர். அட்டவணையைப் பார்த்துவிட்டு அவர் கேட்டது இது:

"நூறு பேர் படிக்கிற வகுப்புல நூத்திப் பதினெட்டு பேர் எப்படித் தம்பி பாஸாவாங்க? வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணிக் கொண்டு வாங்க."

தசமத்துக்குப் பதில் தெரியும். ஆனால் அவனுக்கு எண்கள் விரலில் ஓடும். பேச்சு தொண்டையில் உட்கார்ந்துவிடும். அன்று சாயங்காலம் என் தையற்கடைக்கு வந்து, நடந்ததைச் சொல்லிவிட்டுக் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்தான். நான் ஒரு மாப்பிள்ளையின் கோட்டுக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தேன்.

"கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்துல கை வைக்காதேன்னு சொல்லுவாங்க. உனக்குக் கப்பல் நிறைய வந்துட்டதுதானடா பிரச்சினை?" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. கோட்டையே பார்த்தான். "அக்கா, இதுல உன்னோடது எது?"

துணி, உள்துணி, பட்டன், நூல் எல்லாமே கப்பலில் வந்தவை, தையல் மட்டும்தான் என்னுடையது என்றேன். விலையைப் பத்துப் பங்காக்கினால் ஆறு பங்கு சரக்குக்குப் போகும், நாலு பங்கு என் கையில் நிற்கும் என்றேன்.

"அப்ப உன் கடையோட இறக்குமதி நூத்தம்பது சதவீதம்க்கா" என்று துள்ளி எழுந்தான். திட்டுகிறான் என்றே முதலில் நினைத்தேன். பிறகுதான் விளக்கினான். நாட்டின் பொருளாதாரம் என்று எண்ணுவது இங்கே உழைத்துச் சேர்த்த மதிப்பை மட்டும். வருகிற சரக்கையோ முழு விலைக்கும் எண்ணுவார்கள். எங்கள் துறைமுகத்துக்கு வருவதில் பெரும்பகுதி இங்கே தைத்து, கோத்து, பெட்டியில் அடைத்து மறுபடி கப்பலேறிவிடும். ஆகவே வந்தது, சேர்த்ததைவிடப் பெரிதாக இருப்பதில் அதிசயம் இல்லை. என் நாலுக்கு மேல் அந்த ஆறு நிற்பது போலத்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் கடையைத் திறந்தால் கோட்டைக் காணோம். மாப்பிள்ளை மதியம் வருவார். எடுத்தவன் யார் என்று யோசிக்கவே வேண்டியதில்லை. இன்னொரு சாவி ஒருவனிடம்தான் இருக்கிறது. நேரே அலுவலகத்துக்கு நடந்தேன்.

மேலதிகாரியின் மேசைமேல் என் கோட்டு மல்லாந்து கிடந்தது. துணியில் ஒரு சீட்டு, உள்துணியில் ஒரு சீட்டு, பட்டனுக்குப் பட்டன் ஒரு சீட்டு, எல்லாம் குண்டூசியால் குத்தியிருந்தன. அதோடு விட்டானா? தையல் எது என்று காட்டுவதற்காகக் கோட்டின் ஒரு கையை முழுவதுமாகப் பிரித்திருந்தான்.

"இந்த ஆறும் கப்பல்ல வந்தது சார். இந்த நாலுதான் நம்ம கை. ஆறு பெருசா, நாலு பெருசா சார்?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். அவன் வாழ்நாளில் பேசிய நீளமான பேச்சு அது.

மேலதிகாரி பிரிந்த கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நம்ம மீன் வலைக்கும் நூல் வெளியிலேர்ந்துதான் வந்துச்சு" என்று தனக்கே சொல்லிக்கொண்டார். பிறகு அட்டவணையைத் தம்பி பக்கம் தள்ளினார்.

"இதுல நான் கையெழுத்துப் போடலை. தப்பானா என் தலை போகும். நீங்களே போடுங்க."

அதற்கு உரிமை வேண்டுமே என்று, நிரந்தர ஆணையை வரவழைத்து முதலில் அதை முடித்துக் கொடுத்தார்.

நான் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து கோட்டின் கையைத் தைத்துக்கொண்டே கதவு வழியாகப் பார்த்தேன். இடது கைக்காரன், எழுதிய பெயரின்மேலேயே கையை இழுத்து மையைத் தேய்த்தான். அந்தக் கறை இன்றும் அட்டவணையின் ஓரத்தில் இருக்கிறது. என் தம்பி தான் போட்ட கணக்கின் கீழ் தன் பெயரை முதன்முதலாகக் கையெழுத்திட்டது 2013 மார்ச் 22, வெள்ளிக்கிழமை.