கம்பெனிக்கு ஒரு போன்

மேலகரம் தாண்டி, குற்றாலம் ரோட்டிலிருந்து பிரியும் மண்பாதையில் அந்தப் பண்ணை இருந்தது. இணையத்தில் விளம்பரம் பார்த்துத்தான் வந்தேன். காலையில் ஐந்து மணி நேரம் தோட்ட வேலை, சாயங்காலம் அக்கம்பக்கத்தாருக்கு ஆங்கில வகுப்பு. பதிலுக்குச் சாப்பாடும் படுக்கையும். மலேசியாவில் மூன்றாம் படிவத்தோடு, இங்கத்து ஒன்பதாம் வகுப்பு, பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஹோட்டல் சலவை, கொள்கலன் கிடங்கு, தாய்லாந்தில் ஒரு பன்றிப் பண்ணை என்று எங்கெங்கோ இருந்தாயிற்று. என் ஆங்கிலம் அங்கெல்லாம் பொறுக்கியது. இதைப் பண்ணை முதலாளியிடம் போனில் மறைக்காமல் சொன்னேன். "வெளிநாட்டிலேர்ந்து வரீங்கல்ல, அது போதும்" என்றார். அவர் சென்னையில் இருந்தார். மாதத்துக்கு ஒரு தடவை வந்து, தென்னைகளை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவார். ஓலையெல்லாம் வெள்ளை ஈ விழுந்து கரி பூசியது போல இருந்தது.

எனக்கு முன்னால் வந்த ஒரு ஜெர்மன் ஜோடி ஒரு மண் சுவரைப் பாதியில் விட்டுப் போயிருந்தது. நான் அதன் மேலே கட்டினேன். சாரல் தொடங்கியதும் அவர்கள் கட்டியதும் நான் கட்டியதும் சேர்ந்து கரைந்தது. முதலாளி மறுபடி கட்டச் சொன்னார். கட்டினேன்.

வகுப்பு பம்ப்செட் அறையில். மே மாதம் பத்துப் பேர் போல வந்தார்கள். வாய்க்கு வாய் நான் 'லா' போடுவது அவர்களுக்குப் பெரிய வேடிக்கை. "மலேசியாக்காரி நம்ம ஊரு 'லா'வக் களவாண்டுட்டுப் போயிருக்கால்லா!" என்று ஒருத்தி சொன்னதில் அன்றைய பாடமே நடக்கவில்லை. ஜூனில் அருவியில் தண்ணீர் விழுந்தது. "சீசன் ஆரம்பிச்சிட்டுக்கா. இனி ஆவணிக்கு மேலதான் இங்கிலீசு" என்று சொல்லிவிட்டுச் சிப்ஸ் கடைக்கும் லாட்ஜுக்கும் பார்க்கிங்கில் சீட்டுக் கிழிக்கவும் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வருஷத்தில் அவர்கள் சம்பாதிப்பதே அந்த இரண்டு மாதம்தான்.

ஒருத்தி மட்டும் தொடர்ந்து வந்தாள். காலையில் பண்ணையில் என்னோடு களை பறிப்பவள், முப்பத்தைந்து வயது இருக்கும். மற்றவர்கள் இல்லாமல் போன முதல் நாளே கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள்.

"எனக்கு 'ஏ ஃபார் ஆப்பிள்' எல்லாம் வேண்டாம். ஒரு போன் பேசணும், அதுக்கு மட்டும் சொல்லிக்குடு."

புருஷன் வளைகுடாவில் ஒரு கட்டிடக் கம்பெனியில் வேலை பார்த்தான். போன வருஷம் மழைக்கு முன்னால் பேசியது. அதற்குப் பிறகு அவன் நம்பர் செத்துக் கிடந்தது. அனுப்பிவைத்த ஏஜென்ட்டும் நம்பரை மாற்றிவிட்டான். கம்பெனி ஆபீஸ் நம்பர் அவளிடம் இருந்தது. இரண்டு தடவை அடித்திருக்கிறாள். எடுத்ததும் ஒரு பொம்பளை நிறுத்தாமல் இங்கிலீஷ் பேசியதாம், பயந்து வைத்துவிட்டாள். அவன் இருக்கிறானா இல்லையா, அது தெரிய வேண்டும் அவளுக்கு.

வீட்டுக்கு வீடு வளைகுடா போன ஊர் இது, யாரிடமாவது கேட்டால் விசாரித்துச் சொல்வார்களே என்றேன்.

"கேட்டா தெரிஞ்சிரும்லா. அவுக பாலைவனத்துல டவர் இல்லாத சைட்டுல கெடக்காவன்னு ஊருக்கே சொல்லி வச்சிருக்கேன். மாமியாருக்கும் அதேதான்."

"என்கிட்ட சொல்றீங்களே?"

"நீ போயிருவல்லா. அதான்."

அன்றிலிருந்து தினமும் போன் பேசிப் பழகினோம். நேரே உட்கார்ந்தால் என் வாயைப் பார்த்தே புரிந்துகொள்கிறாள் என்று, மோட்டாரை ஓடவிட்டு, நான் வெளியே நின்று கம்பெனிக்காரனாகக் கத்துவேன். அவள் உள்ளேயிருந்து பதில் கத்துவாள். என் கணவர் உங்கள் கம்பெனியில் வேலை செய்கிறார். அவர் பாஸ்போர்ட் நம்பர் இது. அவர் நலமா? நான் சண்டை போட அழைக்கவில்லை.

அந்தக் கடைசி வரிக்கு எனக்கு இங்கிலீஷ் சரியாகத் தெரியவில்லை. "எனக்குக் கோபம் இல்லை" என்பதைச் சொல்லிக்கொடுத்தேன்.

"கோவம் இருக்கு. அதச் சொல்லாத. சண்டைக்கு வரலன்னு மட்டும் சொல்லு."

தெரிந்தவரை மாற்றிக் கொடுத்தேன். அது தப்பாகவும் இருக்கலாம்.

ஜூலையில் ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, "இன்னைக்கு அடிச்சிருவோம்" என்றாள். அங்கே ஆபீஸ் திறந்திருக்கும் நேரம்தான். ஸ்பீக்கரில் போட்டோம். பதிவு செய்த குரல் வந்தது. பூஜ்யத்தை அழுத்தச் சொன்னேன். மணி அடித்தது. ஒரு ஆள் எடுத்தான்.

அவள் எழுந்து நின்றுகொண்டு பேசினாள். ஒரு வரிகூடப் பிசகவில்லை. பாஸ்போர்ட் நம்பரைத் தனித்தனியாகச் சொன்னாள். அவன் வேகமாக இங்கிலீஷில் ஏதோ கேட்டான், எனக்கே பாதிதான் புரிந்தது. இவள் என்னைப் பார்த்தாள். அவன் பக்கத்திலிருந்த யாரையோ மலையாளத்தில் கூப்பிட்டான்.

அவள் முகம் மாறியது. "சேட்டா, ஞான் பறயாம்" என்று ஆரம்பித்து மடமடவென்று மலையாளத்தில் கொட்டினாள். அவனும் சாதாரணமாகப் பேசினான், ஏதோ பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவது போல. கம்ப்யூட்டரில் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அவன் சொன்னதில் 'திருவனந்தபுரம்' மட்டும் எனக்குப் பிடிபட்டது. நன்றி சொல்லி வைத்தாள்.

"மலையாளம் பேசுறீங்களேலா!"

"எங்கம்மைக்குப் புளியரை. அங்கன பாதி மலையாளந்தான்." அலட்டாமல் சொன்னாள். "கம்பெனின்னா இங்கிலீசுதான் பேசுவாவன்னு நெனச்சேன். ஒரு வருசம் போச்சு."

பிறகு உட்கார்ந்து சொன்னாள். அவன் போன ஓணத்துக்கு முன்பே கணக்கை முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டான். கம்பெனியே டிக்கெட் போட்டுக் கொடுத்திருக்கிறது, திருவனந்தபுரத்துக்கு. இங்கிருந்து செங்கோட்டை வழியாகப் பஸ்ஸில் மூன்று மணி நேரம்.

"போய்ப் பாப்போமா? நானும் வரேன்" என்றேன்.

"எங்கன போய்த் தேட? வரணும்னா அவுகளுக்குப் பஸ்சு இருக்கு."

அவள் அழவில்லை. களைக்கொத்தை எடுத்துக்கொண்டு மிச்சமிருந்த பாத்திக்குப் போனாள். நானும் போனேன். சாரலில் நனைந்துகொண்டே பறித்தோம். போகும்போது, "நாளைக்கும் வகுப்பு வை. நான் வராம நின்னுட்டா ஏன்னு வீட்டுல கேப்பாவ" என்றாள்.

வைத்தேன். அவள் வருவாள், கதவைச் சாத்துவாள், உர மூட்டைகள்மேல் சாய்ந்து தூங்குவாள். வீட்டில் அவளுக்குத் தூக்கம் இல்லை போலிருந்தது. நான் வாசலில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு மணி நேரம் கழித்து எழுப்புவேன். இதற்குமேல் அவளுக்கு நான் செய்ய எதுவும் இருக்கவில்லை.

ஆகஸ்டில் என் விசா முடிந்தது. மேலகரம் பஸ் ஸ்டாப்பில் பையோடு நின்றபோது ஒரு வயதான பெண் கிட்டே வந்து உற்றுப் பார்த்தாள்.

"நீதான அந்த மலேசியாப் பிள்ள? எம் மருமவளுக்கு இங்கிலீசு சொல்லிக்குடுத்தவ?"

ஆமாம் என்றேன்.

"நல்லாப் பேசுதாளா?"

"பேசுறாங்க ஆச்சி."

"அங்கன போனா கடைக்குக் கிடைக்குத் தனியாப் போயிட்டு வந்துருவால்லா?"

"போயிருவாங்க."

"எம் மவன் எப்பம் கூப்பிட்டுக்கிடுவான்னு ஒங்கிட்டயாவது சொன்னாளா? எங்கிட்ட வாயே தொறக்க மாட்டேங்கா. இங்கிலீசு படிக்கான்னதும் நானே தெரிஞ்சுக்கிட்டேன்."

"தேதி சொல்லலை ஆச்சி."

"வெயிலு தணிஞ்சு கூப்பிடட்டும். இவளுக்குச் சூடு ஆவாது." பையைத் தூக்க அவளும் ஒரு கை கொடுத்தாள். தென்காசி பஸ் வந்தது. ஏறிக்கொண்டேன்.