றேடியோத் தட்டு: 2 நிமிடம் 38 விநாடி

மாசி மாதம் அம்மாவின் தொண்டையில் சத்திரசிகிச்சை நடந்தது. கட்டியை எடுத்தார்கள். அதோடு குரலும் போய்விட்டது. அம்மா யாழ்ப்பாணத்தில். நான் வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் வாடகை அறையில். யுத்தத்தால் யாழ்ப்பாணப் பாதை பூட்டிப் பல மாதமாகிறது. கப்பலுக்கு அனுமதி எடுத்துப் போயிருக்கலாம். போகவில்லை. பரீட்சை இருந்தது. அது காரணமா, சாட்டா என்று இன்னும் பிரித்தறிய முடியவில்லை.

இது பயணக் கட்டுரைதான். வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு. ஒரு வழி ஏறக்குறைய 11 கிலோமீற்றர். இரண்டு சனிக்கிழமைகளில் இரண்டு முறை போய் வந்தேன். பழைய பொப் பாட்டுகளின் றேடியோத் தட்டு எங்கே கிடைக்கும் என்று இந்த வலைப்பதிவில் அடிக்கடி கேட்கிறீர்கள். அப்படிக் கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு விளக்கம். எழுபதுகளில் எங்கள் பொப் பாட்டுகள் சின்ன இசைத்தட்டுகளில் வந்தன. பக்கத்துக்கு ஒரு பாட்டு. றேடியோவுக்கு மூன்று நிமிடத்துக்குள் வேண்டும் என்பதால் சில பாட்டுகளைக் குறுக்கினார்கள். எங்கள் தாய் தகப்பன் கேட்டது அந்தக் குறுக்கிய வடிவத்தைத்தான். பிறகு கசற் காலம் வந்தது. அதே பாடகர்கள், வயது கூடிய குரலில், கீபோட்டோடு திரும்பப் பாடினார்கள். இன்று காலி வீதியில் விற்கும் சீடிகள் எல்லாம் அந்தக் கசற்றுகளின் பிள்ளைகள். மேலே ‘ஒரிஜினல்’ என்று போட்டிருக்கும். நம்பாதீர்கள். நான் மூன்று வருடமாகச் சேர்க்கிறேன். பதினேழு தட்டு வைத்திருக்கிறேன். பதினேழும் அந்தக் குறுக்கிய றேடியோத் தட்டுகள். அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது.

அம்மாவுக்கும் இதற்கும் ஒரு தொடர்பு இருப்பது அப்போது எனக்குத் தெரியாது.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு அம்மா ஒரு பள்ளிக்கூடக் கொப்பியில் எழுதிக் கதைக்கிறா. ஞாயிறு பத்து மணிக்கு நான் தொலைபேசி எடுப்பேன். தங்கச்சி மதி கொப்பியை வாசிப்பாள். அவசரமான பதில் என்றால் அம்மா றிசீவரில் நகத்தால் தட்டுவா. ஒரு தட்டு, ஓம். இரண்டு தட்டு, இல்லை. சித்திரை மாதத்தில் ஒரு ஞாயிறு மதி வாசித்தாள்: “கோச்சிப் பாட்டில பின்னால பாடினது நாங்கள் நாலு பேர். அந்தத் தட்டு எங்கையாவது இருக்குமோ?”

மதிக்கும் விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை. அம்மா பிறந்தது கொட்டாஞ்சேனையில், கோவில் பாடகர் குழுவில் பாடினவ, அது தெரியும். அப்பாவைக் கட்டி யாழ்ப்பாணம் வந்தபின் சமையலறையில் பாடுவா. அவ்வளவுதான். பத்தொன்பது வயதில் குழுவிலிருந்து நாலு பெட்டைகள் ஒரு பின்னேரம் ஒலிப்பதிவுக்குப் போனார்களாம். இருபத்திரண்டு வருடம் இதை எனக்குச் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டேன்.  அம்மா திரும்பவும் அந்தத் தட்டைப் பற்றித்தான் எழுதினாவாம்.

எங்கள் வீட்டில் அம்மாவின் குரல் பதிந்த கசற் ஒன்று இருந்தது. தொண்ணூற்றைந்தில் ஊரே இடம்பெயர்ந்து வெளிக்கிட்டபோது அதை எடுக்கவில்லை. அரிசியும் காணி உறுதிக் கடதாசியும் எடுத்தோம். ஆக, அம்மாவின் குரல் உலகத்தில் எங்காவது மிச்சம் இருந்தால் அது அந்தத் தட்டில்தான். நானாக நினைத்துப் பார்த்தேன். அம்மா சொன்ன சொற்கள் வருகின்றன. குரல் வரவில்லை. இரண்டு மாதத்தில் எப்படி மறக்கும்?

கோச்சிப் பாட்டை நீங்கள் கேட்டிருக்கலாம். கரையோர ரயிலில் ஒரு பெண்ணைப் பார்த்துக்கொண்டே இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தவறவிடுகிறவனின் பாட்டு. என்னிடம் கசற் வடிவம் இருந்தது. அதிலும் பெண்குரல்கள் வரும். ஆனால் அது பதிந்த காலத்தில் அம்மா ஊரில், நான் கையில். அந்தப் பெண்கள் வேறு.

முதல் சனிக்கிழமை. காலை 9.30. காலி வீதியில் சிவம் அண்ணையின் கசற் கடை. மூன்று சீடி போட்டுக் காட்டினார். மூன்றும் ஒன்றே. பிறகு அவரே நிறுத்தினார். “இதில இல்லைத் தம்பி. கொட்டாஞ்சேனையில ஸ்டான்லி எண்டு ஒருத்தர். துறைமுகத்தில கிறேன் ஓட்டுறவர். ஒரு மணிக்கு முன்னம் போம், பிறகு வேலைக்குப் போயிடுவார். விக்க மாட்டார், இரவல்தான். ஒண்டுக்கு மேல தர மாட்டார். கெஞ்சாதையும், கெஞ்சினால் அதுவும் இல்லை.”

10.05க்கு 155ஆம் இலக்க பஸ். கட்டணம் 24 ரூபா. பம்பலப்பிட்டி தாண்டும்வரை இருக்க இடமில்லை. சாதாரணமாக ஒரு மணித்தியாலம் என்கிறார்கள். எனக்கு ஒன்றே முக்கால். வழியில் சோதனை. எல்லோரும் இறங்கி, ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. அடையாள அட்டையில் யாழ்ப்பாணம் என்று இருந்தால் பொலிஸ் பதிவுத் துண்டையும் கையில் வைத்திருங்கள். பையின் அடியில் தேடினால் வரிசை முழுக்க உங்களைப் பார்க்கும். எங்கே போகிறாய் என்று கேட்டார்கள். சிநேகிதனிடம் என்று சிங்களத்தில் சொன்னேன். பொய். பாட்டு என்பதற்கான சொல் அந்த நேரம் வாயில் வரவில்லை.

11.50க்கு இறங்கினேன். கோவிலைத் தாண்டி ஆறு நிமிட நடை. ஸ்டான்லி அண்ணனுக்கு நாற்பத்தைந்து இருக்கும். வேலைக்குப் போகும் காற்சட்டையோடு நின்றார், சேட் போடவில்லை. அவருடைய மனைவி ரீட்டா அக்கா பிளேன்ரீ தந்தா. தட்டுகள் தேயிலைப் பெட்டிகளில், கடதாசி உறைகளில், நிமிர்த்தி அடுக்கியபடி.

இரவல் விதியை அவரே சொன்னார். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் அவருடைய தகப்பனின் தட்டுகள் முழுவதும் ஒரே மத்தியானத்தில் போய்விட்டன. மிஞ்சியது ஒன்று. அது அன்று அயலவர் ஒருவரின் வீட்டில் இரவலில் இருந்தது. அன்றுமுதல் எப்போதும் ஒரு தட்டு வெளியே இருக்கலாம். ஒன்று மட்டும். அது திரும்பி வந்தால்தான் அடுத்தது போகும், யார் கேட்டாலும். நான் இரண்டு முறை யோசித்தேன். இரவல் கொடுத்ததால் தப்பியது என்றால் நிறையக் கொடுக்க வேண்டாமா? கேட்கவில்லை. அவர் கணக்கு வேறாக இருக்கலாம்.

“கோச்சிப் பாட்டா? எது வேணும், சின்னதா பெருசா?”

இரண்டு இருக்கிறதாம். ஒன்று றேடியோவுக்குப் போனது. மற்றது நாலு பாட்டுத் தட்டு, கடையில் விற்றது.

“றேடியோவில போட்டது,” என்றேன்.

“எல்லாரும் அதத்தான் கேட்டு வாறாங்க. பெருசுல வாலும் இருக்கு தம்பி. அதே பாட்டுதான், கொஞ்சம் கூட ஓடும்.”

“வால் வேணாமாம் அவருக்கு,” ரீட்டா அக்கா உள்ளேயிருந்து சொன்னா. “படிச்ச புள்ள.”

சிரித்தேன். என் பதினேழும் றேடியோத் தட்டு. பதினெட்டாவதாக, இரவலுக்குக்கூட, வேறொன்றைத் தூக்கிக்கொண்டு போக மனம் வரவில்லை. அம்மாவைப் பற்றிச் சொல்லவும் இல்லை. தெரியாத வீட்டில் அதைச் சொல்ல ஒரு கூச்சம். சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரை பாதியாகியிருக்கும்.

12.20க்குச் சின்னதை ஒருமுறை போட்டார். இன்னொரு முறைக்கு நேரமில்லை. இரைச்சல். பிறகு கிற்றார். பல்லவியில் நாலு பெட்டைகள். நாலும் ஒட்டிப்போய் ஒரே குரலாக. அம்மாவைப் பிரித்தெடுக்கப் பார்த்தேன். முடியவில்லை. இரண்டாம் பல்லவி முடியும்போது பாட்டு மெல்லத் தேய்ந்து மறைந்தது. இரண்டு நிமிடம் முப்பத்தெட்டு விநாடி. அம்மாவுக்கு அடையாளம் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பும் வழியில் அதே சோதனை. “மே மொக்கத்த மல்லி?” இதென்ன தம்பி என்று ஒரு படைவீரர் கேட்டார். பத்திரிகைக் கடதாசியைப் பிரித்துத் தட்டை வெயிலுக்குப் பிடித்தார். நடுத் துளையால் என்னைப் பார்த்தார். இப்போது சொல் வந்தது. சிந்துவ. பாட்டு. பாடச் சொன்னார். வரிசையில் நின்று இரண்டு வரி முனகினேன். அது சிங்களப் பாட்டு, தன் அப்பா பாடுவார் என்றார். நான் மறுக்கவில்லை. மெட்டு யாருடையது, எது முதல், எனக்கும் தெரியாது. கடதாசியில் திரும்ப நன்றாகவே சுற்றித் தந்தார்.

ஞாயிறு பத்து மணி. சிவம் அண்ணையின் கடையில் தட்டுப் போடும் பெட்டி இருக்கிறது. கைத்தொலைபேசியை ஒலிபெருக்கிக்குக் கிட்டப் பிடித்தேன்.

“அம்மா, உங்கட குரல் வரேக்க தட்டுங்கோ.”

முதல் பல்லவி. தட்டவில்லை. இரண்டாம் பல்லவி. தட்டவில்லை. பாட்டு தேய்ந்தது. இரைச்சல் மட்டும். சிவம் அண்ணை ஊசியைத் தூக்கினார்.

அதன் பிறகு தட்டினா.

ஒன்று. இடைவெளி. ஒன்று. பிறகு நெருக்கமாக, ஒழுங்காக. கடையில் ஒரு சத்தமும் இல்லை, அங்கே அம்மா தட்டிக்கொண்டிருந்தா. சிவம் அண்ணை லைனில் கோளாறு என்றார். மதி வந்தாள். “அண்ணா, பாட்டு முடிஞ்சுதோ? அம்மா இன்னும் தட்டுறா. கண்ணை மூடிக்கொண்டு.” சுவர் மணிக்கூட்டைப் பார்த்தபடி நின்றேன். ஏறக்குறைய நாற்பது விநாடி. பிறகு நின்றது.

வால்.

றேடியோவுக்காக வெட்டியது அதைத்தான். நான் மூன்று வருடம் தேடித் தேடிச் சேர்த்த வடிவம், அம்மாவை வெட்டி எடுத்த வடிவம்.

அடுத்த சனி, அதே பஸ், அதே 24 ரூபா, இம்முறை ஒன்றரை மணித்தியாலம். வாசலிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்டான்லி அண்ணன் சேட் பொத்தானைப் பூட்டியபடி கேட்டார்.

“அம்மாவத் தேடி வந்தவன் வாலை விட்டுட்டுப் போனியா மல்லி?”

சின்னதை வாங்கி உறையில் வைத்த பிறகுதான் பெரியதை எடுத்தார். விதி விதிதான்.

அதில் பாட்டு தேயவில்லை. முதலில் பாடகர் நிறுத்துகிறார். பிறகு மேளம். பிறகு மற்ற மூன்று பெட்டைகள். கிற்றாரும் நின்ற பிறகு ஒருத்தி மட்டும், சொல் இல்லாமல், தூரத்தில் போகும் கோச்சியைப் போல. நாற்பத்திரண்டு விநாடி. ரீட்டா அக்கா கோப்பையோடு கதவடியில் நின்றுவிட்டா. “நல்லா பாடுறா,” என்றா. நான் அம்மா வருவா என்று காத்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. பத்தொன்பது வயதுப் பெட்டை ஒருத்தி. எனக்கு அவளைத் தெரியாது.

ஞாயிறு திரும்பவும் அதே கடை. இம்முறை தட்டச் சொல்லவில்லை. முழுவதும் ஓடியது. சிவம் அண்ணை ஊசியில் கை வைக்கவில்லை.

மதிதான் முதலில் கேட்டாள். “கடைசியா இது ஆர் அண்ணா பாடுறது?”

“அம்மா, நீங்களோ?” என்றேன்.

ஒரு தட்டு.

 மதி கொப்பியை வாசித்தாள். “இன்னொருக்காப் போடட்டாம்.”

நாலு முறை போட்டோம். நாலாம் முறையும் எனக்கு அது அம்மா இல்லை. அம்மாவுக்கு அது அம்மா. யாரை நம்புவது என்பதில் சந்தேகம் இல்லை. ஆனாலும் நான் தேடியது கிடைத்ததா என்று கேட்டால் பதில் தெரியவில்லை. சமையலறைக் குரலை இது திருப்பித் தரவில்லை. அதற்கு முந்திய, நான் இல்லாத ஒரு பின்னேரத்தைத் தந்தது. அதை வைத்து நான் என்ன செய்வது?

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். சனிக்கிழமை ஒன்பது மணிக்கு முன் வெளிக்கிடுங்கள், சோதனைக்கு ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள். தட்டைக் கடதாசியில் மட்டும் சுற்றுங்கள், கட்டிப் போட்டால் பிரிக்கச் சொல்வார்கள். ஒரே பாட்டில் இரண்டு வடிவம் இருந்தால் இரண்டையும் கேட்டுவிட்டு எடுங்கள். எதற்காக எடுக்கிறீர்கள் என்பதை, கூச்சமாக இருந்தாலும், வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்.

ஆனால் இப்போதைக்குப் போக வேண்டாம். பெரிய தட்டு என் மேசையில் இருக்கிறது. சிவம் அண்ணை அதைக் கணினியிலும் ஏற்றித் தந்துவிட்டார், நாற்பத்திரண்டு விநாடியும் சரியாக இருக்கிறது. திருப்பிக் கொடுக்காமல் இருக்க ஒரு காரணமும் இல்லை. ஸ்டான்லி அண்ணன் இரண்டு முறை தொலைபேசி எடுத்துக் கள்ளன் என்று சிரித்தார். ஒவ்வொரு சனியும் திருப்பிக் கொடுக்கவென்று கடதாசியில் சுற்றுகிறேன். ஞாயிறு பத்து மணிக்குப் பிரிக்கிறேன். அது திரும்பிப் போகும்வரை அந்த வீட்டிலிருந்து உங்களில் ஒருவருக்கும் ஒரு தட்டும் கிடைக்காது. மன்னிக்க வேண்டும்.