எதிர் நாற்காலி

பந்தல்குடி ரோட்டில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, லாரி எடை போடும் இடத்தில் வெயிலுக்கு ஒதுங்கினேன். நரைத்த மீசை, காக்கிச் சட்டையோடு அங்கே வேலை பார்ப்பவர் போனில் தனியாகச் செஸ் ஆடிக்கொண்டிருந்தார். தன் காயை நகர்த்தியதும் போனை எதிரே கிடந்த காலி நாற்காலிப் பக்கம் திருப்பி வைப்பார்.

செஸ் ஆடும் புரோகிராம் எழுதுவது என் வேலை. அது லட்சம் வழிகளைத் துழாவும்; எதை யோசிக்காமலே விடலாம் என்று அதற்குச் சரியாகத் தெரியாது.

"நீங்க எத்தனை வழி யோசிப்பீங்க?" என்றேன்.

"ரெண்டு மூணுதான் தம்பி கண்ணுல படும். மத்தது தோணவே தோணாது."

"இந்த நாற்காலி எதுக்கு?"

"எதுத்தாப்புல ஆளு இருக்குன்னு நெனச்சாத்தான் அந்த ரெண்டு மூணும் கண்ணுல படுது."

பஸ் வரும்வரை நின்றுகொண்டே பேசினேன். அருப்புக்கோட்டை வந்த பிறகுதான் உறைத்தது. அந்த நாற்காலியில் உட்காரலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.