கண் திறந்திருந்த நேரம்

ரிடையராக ஏழு மாதம் இருக்கும்போது அப்பாவுக்குத் தோள்பட்டை இறங்கியது. சுரங்கத்தில் ஷிப்ட் முடித்து வந்தவர், குவார்ட்டர்ஸ் வாசலிலேயே ஸ்கூட்டரோடு விழுந்தார். மந்தாரக்குப்பத்தில் ஒரு சின்ன நர்சிங் ஹோமுக்குக் கூட்டிப் போனேன்.

"கெட்டமின்னு மயக்க ஊசி போட்டு இழுத்து வச்சிடலாம். பிரஷரை ஏத்துற மருந்து. பிரஷர் மாத்திரை ஒழுங்கா போடறாரா?" என்றார் டாக்டர்.

"ஒரு நாளும் வுடமாட்டாருங்க."

"கண்ணு திறந்தே இருக்கும், ஆளு உள்ள இருக்கமாட்டாரு. பயந்துடாதீங்க."

அப்படியேதான் இருந்தது. கையைத் திருகி இழுத்துத் தோள் மூட்டை உட்காரவைத்தபோது அவர் முனகக்கூட இல்லை. விழிகள் மட்டும் இங்கும் அங்கும் மெதுவாக ஓடின. தெளியும்வரை பேச்சுக் கொடுக்காமல் இருக்கச் சொல்லிவிட்டு எல்லோரும் போனார்கள்.

எனக்கு முப்பத்திரண்டு வயது, பத்து வருடமாக அதே சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை. பர்மனெண்ட் ஆள் சர்வீஸில் செத்தால் பிள்ளைக்கு வேலை கேட்கலாம். ரிடையரானால் கேட்க ஒன்றுமில்லை, வீட்டையும் காலி செய்யவேண்டும். இதை மனதுக்குள் நினைத்துப் பார்க்காத பிள்ளை எங்கள் பிளாக்கில் உண்டா என்று தெரியாது. நான் வாய்விட்டே சொன்னேன். அவர் காதோரம் குனிந்து, "இப்படியே போய்ச் சேந்துடேன்ப்பா. ஏழு மாசந்தான் இருக்குது. எனக்குன்னு இதையாவது செய்யி" என்றேன். சொன்னபோது சுகமாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

தெளியும்போது அப்பா ஏங்கி ஏங்கி அழுதார். மருந்தின் வேலை என்றார்கள். பிறகு அதையே ஒரு வேடிக்கைக் கதையாக ஆக்கிக்கொண்டார். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், "ஒடம்பே இல்ல. மைன்ஸுக்குள்ள பறந்துக்கினு போறன். எமன் வந்து காதுல பேசறான், அதுவும் நம்மூரு பேச்சு!" என்பார். எமன் என்ன சொன்னான் என்று கேட்டால் மட்டும், "மறந்துபோச்சுங்க" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன்.

ஏழு மாதம் கழித்து ரிடையராகி, மாலை, சால்வையோடு நல்லபடியாக வீடு வந்தார். அன்று அவர் முகத்தைப் பார்க்கவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

குவார்ட்டர்ஸைக் காலி செய்த அன்று பீரோவை நகர்த்தினேன். பின்னால் பிரஷர் மாத்திரை அட்டைகள் குவிந்து கிடந்தன. ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை. அடி அட்டையோடு இருந்த மருந்துக்கடைச் சீட்டில் மாதத்தைப் பார்த்தேன். அவர் தோள் இறங்கிய மாதம். நிமிர்ந்தபோது அப்பா கதவருகே நின்றிருந்தார்.

"நானும் போய்ச் சேந்துடப் பாத்தன்டா," என்றார். "ஒடம்பு ஒத்துக்கல. தப்பா நெனச்சுக்காத."