நான்கு ஈரத் துணிகள்

சேலத்து சர்வீஸ் நிலையத்தார் எங்கள் காருக்கென்று வைத்திருந்த அட்டையில் ஒரு வரி எழுதியிருந்தார்கள்: "ஓட்டுபவர் பெண். ஓட்டும் முறை சரியில்லை." இத்தனை ஆண்டுகள் கழித்தும் அந்தக் கையெழுத்தின் சாய்வு எனக்கு நினைவிருக்கிறது. கோபமும் அப்படியே இருக்கிறது.

அந்தக் காருக்குப் பதிவு செய்துவிட்டு ஆறு ஆண்டுகள் காத்திருந்தோம். வந்து சேர்ந்த வாரத்தில் என் கணவர் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து வலது முழங்காலை உடைத்துக்கொண்டார். கட்டுப் பிரித்த பிறகும் அந்தக் காலால் பிரேக்கை அழுத்த முடியவில்லை. அதனால் நான் கற்றுக்கொண்டேன். கள்ளக்குறிச்சியில் அப்போது கார் ஓட்டிய பெண் என்னைத் தவிர வேறு யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. கல்வராயன் மலைமேல் ஒரு பள்ளியில் எனக்கு ஆசிரியர் வேலை. மலைக்குப் போகும் பேருந்து முதல் மணி அடித்து வெகுநேரம் கழித்தே போய்ச் சேரும். கார் இருந்ததால்தான் அந்த வேலை என்னிடம் இருந்தது.

கச்சிராயபாளையம் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் வண்டி தன் குணத்தைக் காட்டும். எஞ்சினுக்குப் பெட்ரோலை ஏற்றித் தரும் பம்பு சூடாகிவிட்டால் போதும், இரண்டு முறை குலுங்கி நின்றுவிடும். அதன்மேல் ஈரத் துணியைப் போட்டுக் கால்மணி நேரம் காத்திருந்தால்தான் மறுபடி உயிர் வரும். இது போதாதென்று, ஸ்டியரிங்கோடு ஒட்டிய கியர்க் கம்பி இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் சிக்கிக்கொள்ளும். மழை பெய்தால் தண்ணீர் காலடியில் தேங்கும். பின்கதவு உள்ளிருந்து திறக்காது. ஒருமுறை கதவின் கைப்பிடி என் கையோடு வந்துவிட்டது. அதைப் புடவை மடியில் வைத்துக்கொண்டு ஆறாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தேன்.

ஒவ்வொரு முறையும் சேலத்துக்குக் கொண்டுபோனோம். மேலாளர் மிகுந்த மரியாதையோடு ஒரே வாசகத்தைச் சொல்வார்: இந்த மாதிரிப் புகாரோடு வேறு ஒருவரும் வந்ததில்லை. என்னைப் பார்க்காமல் என் கணவரைப் பார்த்துச் சொல்வார். பிறகு அந்த வரி எழுதப்படும்.

அவர் சொன்னதை நாங்கள் நம்பினோம் என்பதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. நம்புவதற்கு எங்கள் ஊரின் பழக்கமும் ஒரு காரணம். ஆறு வருடம் காத்திருந்து வாங்கிய கார் நடுவழியில் நின்றுவிட்டது என்று கௌரவமுள்ள எந்தக் குடும்பமும் ஒப்புக்கொள்ளாது. வண்டி நின்றால் உடனே புளியமரத்தடியில் ஜமுக்காளத்தை விரிப்பார்கள், டிபன் கேரியரைத் திறப்பார்கள். காலை ஒன்பது மணிக்குப் புளிச்சோறு சாப்பிடுவார்கள். வழியில் போகிறவர்கள் பார்த்தால், காற்று நன்றாக வருகிறது, அதனால் இறங்கினோம் என்பார்கள். நானும் அப்படிச் செய்திருக்கிறேன். வடக்கனந்தல் சாலையில் எங்கள் ஊர் மருத்துவரின் குடும்பம் இப்படிச் சாப்பிட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்து, எவ்வளவு மகிழ்ச்சியான குடும்பம் என்று ஒருநாள் பொறாமைகூடப் பட்டேன். அவர்களுடைய காரும் எங்களுடையதைப் போன்றதே என்பது மனதில் தைக்கவே இல்லை.

என் கணவர் கடுமையானவர் அல்லர். அடுத்த முறை சேலம் கிளம்புவதற்கு முன்னால், எங்கள் உரக்கடையில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்தபடி, என் முகத்தைப் பார்க்காமல்தான் பேசினார்.

"இந்தத் தடவையும் அந்த மேனேஜரு அதையேதான் சொன்னாருன்னா, ஒரு டிரைவர வெச்சிக்கலாம்மா. உனக்கு இன்னாவாவது ஆச்சுன்னா நான் இன்னா பண்ணுவேன்?"

டிரைவர் வந்தால் கார் கடைக்குத்தான் போகும். மலைக்குப் போகாது. இருவருக்கும் அது தெரியும். அவர் பயம் உண்மையானது என்பதால் என்னால் அவரோடு சண்டைகூடப் போட முடியவில்லை.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்த காலம் அது. சாலைகளை மறிக்க மரங்களை வெட்டிச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். மறியல் ஓய்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டுச் சேலத்துக்குக் கிளம்பினோம். சின்னசேலத்துக்கு முன்னால் ஒரு பெரிய புளியமரம் சாலையை அடைத்துக் கிடந்தது. அதன்மேல் உட்கார்ந்திருந்தவர்கள் எங்கள் பக்கத்து விவசாயிகள்தாம். கடையில் உரம் வாங்குகிறவர்கள் இரண்டொருவர் என் கணவரை அடையாளம் கண்டு, மோர் வேண்டுமா என்று கேட்டார்கள். ஆனால் மரத்திலிருந்து இறங்கவில்லை.

உச்சி வெயிலில்தான் ஒரு வண்டி நுழையும் அளவுக்குக் கிளைகளை வெட்டி வழி விட்டார்கள். ஒரு மணி நேரம் ஊர்ந்தோம். இடைவெளியை நெருங்கும்போது எங்கள் கார் இரண்டு முறை குலுங்கியது. ஓரம் கட்டினேன். கியர் மாற்றியதில் ஏதாவது தவறு செய்தேனா என்று மனது ஓடியது. கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இனி டிரைவர்தான், என் வேலை போய்விட்டது என்று நினைத்தேன்.

அப்போது எங்களுக்கு முன்னால் ஒரு கார் நின்றது. பிறகு பின்னால் ஒன்று. அதற்கும் பின்னால் இன்னொன்று. நான்கும் ஒரே வகைக் கார்கள். பேருந்துகளும் லாரிகளும் எங்களைச் சுற்றிக்கொண்டு போயின. முன்னால் நின்ற காரிலிருந்து எலவனாசூர்கோட்டை அரிசி மில்காரர் இறங்கினார். எங்கள் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, டிபன் கேரியரை வெளியே எடுத்தார்.

விழுந்த மரத்தின்மேல் இருந்த ஒரு பெரியவர் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னாங்க, நாங்கதான் மறியல் பண்றோம்னு பாத்தா, உங்க வண்டிங்களும் வரிசையா குந்திக்கினு கீதே. அதுங்களுக்கும் கோரிக்கை ஜாஸ்தியோ?"

மரத்தின்மேல் இருந்தவர்கள் சிரித்தார்கள். மில்காரர் கேரியரை மூடினார். தன் சீட்டுக்கடியில் கையை விட்டு, தண்ணீர் புட்டியையும் மடித்த கோணித் துணியையும் எடுத்தார். பின்னால் நின்றது மருத்துவரின் கார். அவர் மனைவி இறங்கி வந்தார். அவர் கையில் ஒரு பழைய வேட்டித் துண்டு. நான்காவது காரில் வந்த பள்ளிவாசல் தெரு ஜவுளிக்கடைக்காரரிடம் சிவப்புத் துணி இருந்தது. எங்களுடையது என் பழைய ரவிக்கைத் துணி.

ஒவ்வொருவரிடமும் போய் நானே கேட்டேன். சேலத்தில் என்ன சொன்னார்கள்? மில்காரரிடம் பெட்ரோல் மட்டமானது என்றிருக்கிறார்கள். மருத்துவரிடம் வேகம் கூடுதல் என்றும், ஜவுளிக்காரரிடம் பாரம் அதிகம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். நான்கு பேரிடமும் தவறாமல் சொல்லியிருந்தது ஒன்றுதான்: வேறு யாருக்கும் இந்தக் குறை இல்லை. எதிரே படிப்பும் நிலமும் குறைந்த மனிதர்கள் தங்களுக்கு வேண்டியதை ஊரறியக் கேட்டுக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். நாங்களோ ஆளுக்கொரு துணியை ஒளித்து வைத்துக்கொண்டு, ஒருவர் பார்க்க ஒருவர் புளிச்சோறு தின்றிருக்கிறோம். அந்த மேலாளர்மேல் வந்த கோபத்தில் பாதி எங்கள்மேல்தான் வந்தது.

நான்கு கார்களும் ஒன்றாகச் சேலம் போயின. மேலாளர் முதலில் மலைச்சாலையைக் குற்றம் சொன்னார். "நான் மலையே ஏறினதில்லைங்க" என்றார் மில்காரர். பிறகு மேலாளர் பம்புகளை இலவசமாக மாற்றித் தருவதாகச் சொன்னார். மற்ற மூவருக்கும் அது போதுமானதாக இருந்தது. நான் அட்டையைக் கேட்டு வாங்கி, அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னேன். அது ஒரு சின்ன விஷயம் என்றார். வழக்கம்போல் என் கணவரைப் பார்த்தே சொன்னார்.

"ஓட்டுறவங்க அவங்க. அவங்களப் பாத்துப் பேசுங்க," என்றார் என் கணவர்.

மேலாளர் அந்த வரியை அடித்தார். கையெழுத்தும் போட்டார். திரும்பும் வழியில் டிரைவரைப் பற்றி யாரும் பேசவில்லை. முழங்காலை நீட்டி உட்கார்ந்திருந்த கணவர், என் ரவிக்கைத் துணியைப் பிழிந்து ஜன்னலில் காயப்போட்டார்.

புதுப் பம்பும் பழையதைப் போலத்தான் இருந்தது. திங்கட்கிழமை மூன்றாவது வளைவில் வண்டி நின்றுவிட்டது. நான் முன்மூடியைத் திறந்து, எல்லோரும் பார்க்கும்படி துணியை நனைத்துப் போட்டேன். கீழிறங்கி வந்த பேருந்து மெதுவானது. ஓட்டுநர் தலையை நீட்டி, காற்று வாங்குகிறீர்களா டீச்சர் என்று கேட்டார்.

"இல்லீங்க," என்றேன். "வண்டி நின்னுபோச்சு."