பதினொரு தெக்கேவீடுகள்

ஐம்பத்திரண்டாம் வயதில் ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினிமொழியைக் கற்கத் தொடங்கினேன். மூளைக்கு ஏதாவது வேலை கொடுங்கள் என்றார் மருத்துவர். அவர் குறுக்கெழுத்தைத்தான் நினைத்திருப்பார். பாடத்தில் ஒரு பயிற்சி உண்டு. அடிக்கடி தேவைப்படும் சின்னச் சின்ன ஃபங்ஷன்களை, அதாவது ஒரே ஒரு வேலை செய்யும் நிரல்துண்டுகளை, நாமே எழுதி, ஒரு தொகுப்பாகச் சேர்த்துவைக்க வேண்டும். இதைவிட நல்லவை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனாலும் சொந்தமாக எழுதினால்தான் புரியுமாம். எனக்கு அந்த வாதம் பிடித்திருந்தது. சும்மா கிடைப்பதை மூன்று வாரம் உட்கார்ந்து மோசமாகச் செய்வது என் இயல்புக்கு ஒத்தது.

ஒன்பது எழுதினேன். ஒன்று பட்டியலை வரிசைப்படுத்தும், ஒன்று சம துண்டுகளாக வெட்டும். என் செல்லம், ஒரே பதிவு இரண்டு முறை வந்தால் முதலாவதை வைத்துக்கொண்டு மற்றதை நீக்குவது. எல்லாச் சோதனைகளிலும் தேறியது. கேள்வித்தாளும் நான் தயாரித்ததுதான்.

அப்போது எங்கள் புதுவீட்டுப் பால்காய்ச்சு வந்தது. அழைக்க வேண்டியவர்களை மனைவி ஒரு நோட்டிலும் அக்காள் ஒரு நோட்டிலும் நான் ஒரு தாளிலும் எழுதியிருந்தோம். பலர் மூன்றிலும் இருந்தார்கள். இதற்காகவே பிறந்தவன்போல எல்லாவற்றையும் தட்டெழுதினேன். இரண்டு நோட்டில் இருப்பதும் ஒரே ஆள்தான் என்று எதைவைத்து முடிவுசெய்வது? எங்கள் பக்கம் ஆளை வீட்டுப்பேரால்தான் அறிவோம். அதையே அடையாளமாகக் கொடுத்தேன். பட்டியல் பாதியானது.

"இவ்வளவு பேருதானா நமக்கு?" என்றாள் மனைவி.

"இதாக்கும் சயன்ஸ்," என்றேன்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் அழைத்து முடித்தோம். பால்காய்ச்சுக்கு நான்கு நாள் இருக்கையில் அவள் வந்து சொன்னாள்: "பக்கத்து வீட்டு அண்ணன் முகம் தரல்ல. நேத்து நமக்குத் தண்ணியும் விடல்ல."

எங்கள் சுவர்கள் எழும்பியது முழுக்க அவர் கிணற்றுத் தண்ணீரில். அவர் வீட்டுப்பேர் தெக்கேவீடு. பட்டியலைத் திறந்தேன். தெக்கேவீடு ஒன்றே ஒன்று இருந்தது, காரோடு என்ற ஊரில். நோட்டுகளை எடுத்து எண்ணினேன்: பதினொன்று. இங்கே யாருக்காவது தெற்கே இருந்தால் போதும், வீடு தெக்கேவீடாகிவிடும்.

அழைப்பு மதிலுக்கு மேலே சொல்லி முடிக்கிற காரியமல்ல. கணவனும் மனைவியுமாக முன்வாசல் வழியே போக வேண்டும். ரோடு வழியே சுற்றிப் போனோம். அவர் உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே நடந்ததைச் சொன்னேன்.

"அப்போ கம்ப்யூட்டராக்கும் என்னைய வெட்டினது?"

"இல்லண்ணே. நானாக்கும்."

"அந்தக் காரோட்டுக்காரன் ஆரு?"

"தெரியாது. எனக்க அக்காளுக்க லிஸ்டு. போன ஞாயிறு போய் விளிச்சோம். அவருக்கும் எங்கள தெரியல்ல. சாயா நல்லாருந்து."

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் சிரிக்கவில்லை. உள்ளே திரும்பி, "மூணு சாயா," என்றார். பிறகு என்னிடம், "இருங்க சாரே. பாக்கி ஒம்பது தெக்கேவீடும் எங்க?"

"செங்கல் ஊருல ஆறு, ஒற்றசேகரமங்கலத்துல மூணு."

"அதுல ஒருத்தன் எனக்க மச்சினனாக்கும். அவனுக்குக் கோவம் வந்தா லேசுல போவாது. வண்டிய எடுங்க, நானும் வாறேன்."

சட்டை மாற்றிக்கொண்டு வந்து முன் இருக்கையில் ஏறினார். அன்று ஒன்பது வீட்டிலும் கதையை அவரே சொன்னார். வீட்டுக்கு வீடு என் முட்டாள்தனம் வளர்ந்துகொண்டே போனது. நான் திருத்தவில்லை. எல்லாரும் வருகிறோம் என்றார்கள். மனைவிதான் கடைசி வீட்டில் மட்டும் குறுக்கிட்டாள்: "அது அப்பிடி இல்லண்ணே. இன்னும் மோசம்."